ஆல்ப்ஸில் முதல் ஸ்கீ வாரம்: ஹோட்டல் பிடிப்பது முதல் சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை

முதல்முறை ஸ்கீ (காலில் பலகை மாட்டிப் பனியில் சறுக்கும் விளையாட்டு) விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களின் கவலையெல்லாம் மலையைப் பற்றித்தான். எந்த மலை, எவ்வளவு பனி, விழுந்தால் என்ன ஆகும். ஆனால் ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் காலை எட்டரை வாக்கில் திறந்து மாலை நாலு, நாலரைக்கு நின்றுவிடும். புதிதாகப் பழகுகிறவரின் தொடைகள் மூன்று மணிக்கே கெஞ்ச ஆரம்பித்துவிடும். மீதி நேரம் முழுக்க ஹோட்டலில்தான். காலையில் கால் நுழைவது காய்ந்த பூட்ஸிலா ஈர பூட்ஸிலா, லிஃப்டுக்கு மூன்று நிமிட நடையா இருபது நிமிட நடையா, ராத்திரி வயிறு நிறைந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. முதல் வாரம் சொதப்பிப் போகிறவர்களில் பலருக்குக் காரணம் மலை அல்ல, ஹோட்டல் ஏற்பாடுதான். அதனால் இந்தக் கட்டுரை சறுக்கக் கற்றுக்கொடுக்காது. தங்குவதைப் பற்றி மட்டும் பேசும்.

உதாரணத்துக்கு ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், சில்லர்டால் பள்ளத்தாக்கில் இருக்கும் மாயர்ஹோஃபன் ஊரை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து 633 மீட்டர். ஒரு பக்கம் பெங்கன் மலை, இன்னொரு பக்கம் ஆஹோர்ன் மலை. இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி டிரோல், சால்ஸ்பர்க், ஃபோரார்ல்பெர்க் ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த வாரம்

பெரும்பாலான ஹோட்டல்கள் சீசனில் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, ஏழு இரவாகத்தான் அறை கொடுக்கும். மூன்று இரவு, நான்கு இரவு வேண்டுமென்றால் கூட்டமில்லாத வாரங்களில்தான் கிடைக்கும். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரையும், பிப்ரவரி முழுக்கவும் விலை உச்சத்தில் இருக்கும். ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மாதம் பிப்ரவரி. லிஃப்ட் வரிசையும் நீளம், பயிற்சி வகுப்பிலும் நெரிசல்.

புதியவர்களுக்கு இரண்டு நல்ல காலம் உண்டு. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை: விலை இறங்கும், பனி நன்றாக இருக்கும், ஆனால் மேலே மைனஸ் பத்து டிகிரி குளிர் சாதாரணம். அடுத்தது மார்ச் நடுப்பகுதி: பகல் நீளம், வெயில் இதம், ஊருக்குள் பனி உருகிப் புல் தெரிந்தாலும் 2000 மீட்டர் உயரத்தில் பனி இருக்கும். மதியத்துக்கு மேல் பனி கூழாகிவிடும் என்பது மட்டும்தான் குறை. குளிர் பழகாதவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் மார்ச்சையே எடுக்கலாம். விரல் மரத்துப்போன குழந்தை இரண்டாம் நாள் ஸ்கீயைத் தொடாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஹோட்டல் உறுதிக்கடிதத்தில் குழந்தைகள் உட்பட எல்லோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கச் செய்யுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் புக் செய்துவிட்டு விசா மையத்தில் திணற வேண்டாம்.

விலைப்பட்டியலைப் படிக்கும் முறை

ஆஸ்திரிய ஹோட்டல்களின் சொந்த இணையதளத்தில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு, ஓர் இரவுக்கு. 160 யூரோ என்று இருந்தால் இரண்டு பேருக்கு ஏழு இரவுக்கு 2240 யூரோ. புக்கிங் தளங்கள் மொத்த அறை விலையைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது குழம்பாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. ஹால்ப்பென்ஷன் என்றால் காலைச் சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் விலையில் அடக்கம். நான்கு நட்சத்திர ஹோட்டல்களில் இதனோடு மாலை மூன்று முதல் ஐந்து மணி வரை சூப், கேக் வைப்பதும் வழக்கம். பானங்கள் அடக்கமில்லை. ராத்திரி மேஜைக்கு வரும் தண்ணீர்ப் பாட்டிலுக்குக்கூடத் தனிக் கணக்கு. ஏழு நாள் பானச் செலவை முன்கூட்டியே மனதில் வையுங்கள்.

ஊர் வரி என்று ஒன்று உண்டு. ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ. கடைசி நாள் பில்லில் தனியாகச் சேர்ந்து வரும். சிறுவர்களுக்குப் பொதுவாக இல்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று ரிசப்ஷனில் சண்டை போடாதீர்கள், எல்லா ஹோட்டலிலும் வாங்குவதுதான்.

ரத்து விதிகளைக் கட்டாயம் படியுங்கள். ஆஸ்திரிய ஹோட்டல்கள் பலவும் பின்பற்றும் பொது நிபந்தனைகள் இப்படி: மூன்று மாதத்துக்கு முன்பு வரை இலவச ரத்து. அதன் பிறகு ஒரு மாதம் வரை என்றால் மொத்தத் தொகையில் 40 சதவீதம், ஒரு வாரம் வரை 70 சதவீதம், கடைசி வாரத்தில் 90 சதவீதம் கட்ட வேண்டும். விசா கைக்கு வராத நிலையில் இந்தத் தேதிகள்தான் கழுத்தை நெரிக்கும். இலவச ரத்து கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு முன் விசா முடிவு வரும்படி விண்ணப்பியுங்கள்.

தூரம்

ஸ்கீ பூட்ஸ் என்பது கணுக்காலை முன்னோக்கிச் சாய்த்துப் பூட்டிவைக்கும் கெட்டி பிளாஸ்டிக் கூடு. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கீ, கையில் கம்பு, பக்கத்தில் அழும் குழந்தை என்று ஐஸ் படிந்த நடைபாதையில் 400 மீட்டர் நடப்பது சாதாரண ஷூவில் ஒன்றரை கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். ஹோட்டல் விளம்பரத்தில் 'லிஃப்டுக்கு ஐந்து நிமிடம்' என்று இருந்தால் அது சாதாரண ஷூ கணக்கு. வரைபடத்தில் மீட்டரை அளந்து பாருங்கள். 200 மீட்டருக்குள் என்றால் கவலை இல்லை.

அதைவிட முக்கியம், எந்த லிஃப்ட் என்பது. மாயர்ஹோஃபனில் பெங்கன் கோண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி லிஃப்ட்) நிலையம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. ஆஹோர்ன் கேபிள் கார் ஊரின் ஓரத்தில். பெங்கன் மலையில்தான் 78 சதவீதச் சரிவுள்ள ஹராகிரி பாதை இருக்கிறது, புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. மெதுவாகப் பழகுவதற்கு ஏற்ற அகன்ற, சாய்வு குறைந்த சரிவுகள் ஆஹோர்ன் உச்சியில் இருக்கின்றன. பெங்கனிலிருந்து மாயர்ஹோஃபனுக்குச் சறுக்கி இறங்கும் பாதையே கிடையாது, கோண்டோலாவில்தான் இறங்க வேண்டும். ஆகவே 'ஊர் நடுவில்' என்று மகிழ்ந்து அறை எடுத்துவிட்டு, தினமும் வகுப்புக்கு ஊரின் மறுமுனைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் எந்த ஸ்கீ பள்ளி, அது எங்கே கூடுகிறது என்று முடிவு செய்யுங்கள், ஹோட்டலை அதற்குப் பிறகு தேடுங்கள்.

தூரம் கூடிவிட்டால் ஒரு வழி இருக்கிறது. லிஃப்ட் அடிவாரத்திலோ வாடகைக் கடையிலோ சூடேற்றிய லாக்கர் கிடைக்கும். ஸ்கீ, பூட்ஸ், கம்பு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, சாதாரண ஷூவில் இலவச ஸ்கீ பஸ் ஏறி ஹோட்டலுக்கு வரலாம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

உயரத்தையும் பாருங்கள். மாயர்ஹோஃபன் போன்ற தாழ்வான ஊரில் தூக்கம் கெடாது. ஓபர்குர்க்ல் 1930 மீட்டர், ஃபிரான்சின் வால் தொரான்ஸ் 2300 மீட்டர். அங்கெல்லாம் முதல் இரண்டு ராத்திரி தலைவலியும் அரைத் தூக்கமும் வரலாம். நிறையத் தண்ணீர் குடிப்பதும், முதல் நாள் மதுவைத் தவிர்ப்பதும் உதவும்.

பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல்

புக்கிங் தளத்தின் 'சிறப்புக் கோரிக்கை' பெட்டியை நம்பாதீர்கள். ஹோட்டலுக்கு நேராக எழுதுங்கள். டிரோலில் பெரும்பாலானவை ஒரே குடும்பம் தலைமுறையாக நடத்துபவை. நிதானமாக, தெளிவாகப் பதில் எழுதுவார்கள். கேட்க வேண்டியவை:

1. பூட்ஸ் உலர்த்தும் சூடான குழாய்கள் உள்ள ஸ்கீ அறை இருக்கிறதா, அது ஹோட்டலுக்குள்ளேயே இருக்கிறதா?
2. எங்களில் இத்தனை பேர் இறைச்சி, மீன் சாப்பிட மாட்டார்கள். இத்தனை பேர் முட்டையும் சாப்பிட மாட்டார்கள். ஏழு இரவும் சமாளிக்க முடியுமா?
3. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்குள் உட்கார வேண்டும்?
4. ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவீர்களா?
5. கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு குளிக்க, உடை மாற்ற இடம் உண்டா?
6. கார் நிறுத்த இடம், குழந்தைக் கட்டில், அறையில் கெட்டில் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். சனிக்கிழமை ராத்திரி விமானம் என்றால் அன்று அரை நாள் சறுக்கிவிட்டு வியர்வையோடு விமானம் ஏறுவதா இல்லையா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

போய்ச் சேருவது

இன்ஸ்ப்ரூக் அல்லது மியூனிக்கிலிருந்து ரயிலில் யென்பாக் நிலையம். அங்கே இறங்கி சில்லர்டால் பான் என்ற குறுகிய ரயில் பாதையில் மாறினால் 32 கிலோமீட்டர், ஏறக்குறைய 55 நிமிடத்தில் மாயர்ஹோஃபன். சனிக்கிழமை நெடுஞ்சாலை நெரிசலில் காரைவிட இது நிம்மதி. காரில் வருகிறவர்கள் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான விக்னெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகைக் காரை வேறு நாட்டில் எடுத்தால் டயரைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தயாராகும். முன்பே வந்தால் பெட்டிகளை வைத்துவிட்டு வாடகைக் கடைக்குப் போய்விடலாம். ரிசப்ஷனில் ஒரு பதிவுப் படிவம் தருவார்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எழுத வேண்டும், அது சட்டம். அதை முடித்தால் விருந்தினர் அட்டை கிடைக்கும். பேருந்துச் சலுகைகள் பலவும் அதில்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய்த் தேவையானதை வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

அறைக்குள்

ஜன்னல் கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் பூட்டியிருக்கிறது. படுக்கைவாக்கில் திருப்பினால் கதவுபோல் பக்கவாட்டில் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும். முதல்முறை அது சாயும்போது சட்டகமே கையோடு வந்துவிட்டது என்று பதறுவார்கள். காற்றுக்காக வைத்த அமைப்புதான், விழாது. ஹீட்டரைக் கொதிக்கவிட்டு ராத்திரி முழுக்க ஜன்னலைச் சாய்த்து வைப்பதைவிட, படுக்கும் முன் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினால் அறை இதமாக இருக்கும். ஏசி இருக்காது, தேவையும் இல்லை.

இருவர் கட்டிலில் போர்வை ஒன்றாக இருக்காது, ஆளுக்கொன்றாக மடித்து வைத்திருப்பார்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டிலை அதில் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிவறையில் கைப்பீச்சுக் குழாய் இருக்காது. ஒரு சின்னக் குவளையோ மூடியில் துளையிட்ட பாட்டிலோ பெட்டியில் வையுங்கள். நம் ஊர் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் நேராகப் பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் தேவை. மின்சாரம் அதே 230 வோல்ட்தான். இரவு பத்து மணிக்கு மேல் தாழ்வாரத்தில் சத்தம் கூடாது.

அறையில் சமைக்காதீர்கள். ரைஸ் குக்கர் ஆவிக்கும் தாளிப்புப் புகைக்கும் அலாரம் அலறும். தீயணைப்பு வண்டி வந்தால் அதற்கான கட்டணத்தை உங்களிடமே கேட்கலாம். சமைத்துச் சாப்பிடத்தான் விருப்பம் என்றால் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் எடுங்கள், அதில் தவறே இல்லை.

ஸ்கீ அறை

வாரம் நல்லபடி போக வேண்டுமானால் இந்தப் பகுதியை மட்டுமாவது மனதில் வையுங்கள். ஸ்கீ அறை பெரும்பாலும் தரைக்குக் கீழே, தனி வாசலோடு இருக்கும். உங்கள் அறை எண்ணுக்கு ஒரு அலமாரியோ தட்டோ ஒதுக்கியிருப்பார்கள். ஸ்கீ பூட்ஸோடு மாடிக்கோ சாப்பாட்டு அறைக்கோ போகக் கூடாது. சாதாரண ஷூவில் கீழே வந்து, அங்கே பூட்ஸுக்கு மாறி, ஷூவை அங்கேயே விட்டுப் போவதுதான் முறை.

மாலையில் திரும்பியதும் சோம்பல் படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வாசலுக்கு வெளியிலேயே ஸ்கீயிலும் பூட்ஸ் அடியிலும் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். உள்ளே கொண்டுபோனால் ஓடு பதித்த தரையில் உருகி வழுக்கும். மலையில் விழாதவர்கள் இங்கே விழுவது உண்டு.
2. ஸ்கீயின் இரும்பு விளிம்பைப் பழைய துணியால் துடையுங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்தில் துரு படியும்.
3. இரண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் அடிப்பக்கத்தோடு சேரும்படி வைத்துத் தாங்கியில் நிறுத்துங்கள்.
4. பூட்ஸின் கொக்கிகள் எல்லாவற்றையும் கழற்றி, நாக்கை நன்றாக முன்னால் இழுத்து, தலைகீழாகச் சூடான குழாய்மீது கவிழ்த்துங்கள். கொக்கி மாட்டியபடியே கவிழ்த்தால் காற்று விரல் நுனிவரை போகாது. மறுநாள் காலையில் கட்டைவிரல்தான் முதலில் விறைக்கும்.
5. காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில இயந்திரங்களில் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும், சிலவற்றுக்கு நேரம் வைக்க வேண்டும்.
6. கையுறையையும் பக்கத்துக் குழாயில் செருகுங்கள். காலுறையை மட்டும் அறைக்குக் கொண்டுபோய்த் துவைத்து, குளியலறைத் துண்டு ஹீட்டரில் போடுங்கள்.

உலர்த்தும் குழாய் இல்லாத விடுதி என்றால் பூட்ஸின் உள்ளுறையை வெளியே இழுத்து, செய்தித்தாளைத் திணித்து அறைச் சூட்டில் வையுங்கள். ரேடியேட்டர் மேலேயோ ஹேர் டிரையரின் கொதிக்கும் காற்றிலோ வைக்காதீர்கள், உள்ளுறையின் நுரை உருமாறிவிடும். காரின் டிக்கியில் ராத்திரி விட்டால் இன்னும் மோசம்: குளிரில் பிளாஸ்டிக் இறுகி, காலையில் இரண்டு பேர் இழுத்தாலும் வாய் விரியாது.

வாடகை ஸ்கீகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கம்பெனி. உங்கள் ஸ்கீயின் எண் ஸ்டிக்கரை முதல் நாளே படமெடுத்து வையுங்கள். மலைக் குடிசைக்கு (மலைமேல் இருக்கும் உணவகம்) வெளியே சாப்பாட்டு நேரத்தில் நூறு ஸ்கீ நிற்கும். ஒன்றை இங்கே, மற்றதைப் பத்தடி தள்ளி நிறுத்தினால் யாரும் தவறிப்போய் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

வாடகையும் பயிற்சியும், சுருக்கமாக

வாடகைக் கடையில் உயரம், எடை, வயது, சறுக்கும் திறமை கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது ஸ்கீ எந்த விசையில் காலிலிருந்து கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் திருகுகிறார்கள். பூட்ஸ் அளவு பாதத்தின் சென்டிமீட்டர் நீளம்: 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். மெல்லிய நீண்ட காலுறை ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு அதனாலேயே குளிரும். உள் பேன்ட்டின் விளிம்பையும் பூட்ஸுக்குள் விடாதீர்கள், கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தடம் பதிந்து ரணமாகும். வலித்தால் அன்றே கடைக்குப் போய் மாற்றுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

குழு வகுப்பு பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கும். ஆறு நாள் லிஃப்ட் பாஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்கு எந்தச் சீட்டு போதும் என்று பள்ளியிடமே கேளுங்கள். பாஸ் அட்டையை ஜாக்கெட்டின் இடது பக்கப் பையில், போனோ வேறு அட்டையோ கூட இல்லாமல் தனியாக வையுங்கள். லிஃப்ட் வாசல் கதவில் அட்டையைப் படிக்கும் ரீடர் இடது பக்கம்தான் இருக்கும். அட்டை எண்ணையும் படமெடுங்கள், தொலைந்தால் அதைக் காட்டித்தான் புதியது வாங்க முடியும்.

பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரும். சன்ஸ்கிரீன் கட்டாயம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. மாநிறத் தோலும் கருகும்; மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழே தடவ மறக்காதீர்கள்.

சாப்பாடு

முதல் மாலை உங்களுக்கென்று ஒரு மேஜை காட்டுவார்கள். வாரம் முழுக்க அதே மேஜை, பெரும்பாலும் அதே பரிமாறுகிறவர். ஜன்னலோர மேஜை காலியாக இருக்கிறதென்று இடம் மாறி உட்காராதீர்கள், அது வேறு அறைக்காரருடையது. காலையில் மேஜையில் அன்றிரவுக்கான சீட்டு இருக்கும். சூப், முக்கிய உணவு என்று தேர்வைக் குறித்துக் கொடுக்க வேண்டும். மறந்தால் எது மிச்சமோ அதுதான்.

நேரம் கண்டிப்பு. ஆறரை மணிக்குப் பரிமாற ஆரம்பித்து, எட்டு மணிக்குள் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ஒன்பது மணிக்குச் சாப்பிடும் பழக்கத்தோடு இறங்கி வந்தால் சமையலறை மூடியிருக்கும், சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பணமும் திரும்பாது. குளியல் அங்கியோடும் டிராக் பேன்ட்டோடும் வரக் கூடாது. நல்ல சட்டை, பேன்ட் போதும், கோட் வேண்டியதில்லை. சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் காலை வணக்கம், மாலை வணக்கம் சொல்வது இவர்கள் மரியாதை. சொல்லிப் பாருங்கள், இரண்டாம் நாளே முகங்கள் பழகிவிடும்.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். டிரோல் சமையலில் சூப் என்றால் அடிப்படை பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. ஃப்ரிட்டாட்டன் சூப்பில் மிதப்பது தோசைபோன்ற அப்பத்தின் கீற்றுகள்தான், ஆனால் கீழே இருப்பது மாட்டு எலும்புச் சாறு. காஸ்பிரெஸ்க்னோடல் என்ற சீஸ் உருண்டையும் பெரும்பாலும் அதே சாற்றில்தான் வரும். க்னோடல் என்ற ரொட்டி உருண்டையில் ஸ்பெக் என்ற பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கலாம். சாலட்டின் மேலும் அதைத் தூவுவார்கள். சில இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும்.

மெனுவில் உணவுப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை ஒவ்வாமைக் குறிகள்: ஏ என்றால் கோதுமை வகை, சி முட்டை, டி மீன், ஜி பால். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்த சி எழுத்து பெரிய உதவி. ஆனால் இறைச்சிக்கு எந்த எழுத்தும் கிடையாது, ஏனென்றால் அது ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. எழுத்தில்லை என்பதால் சைவம் என்று முடிவுகட்டாதீர்கள். 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ், ஓனே ஐ' என்று சொன்னால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். சூப்பையும் தனியாகக் கேளுங்கள். பலர் சாற்றை இறைச்சியாக எண்ணுவதில்லை.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: சீஸில் புரட்டிய காஸ்ஷ்பெட்சில், கீரை உருண்டையான ஷ்பினாட்க்னோடல், மலைக் குடிசையில் கெர்ம்க்னோடல் என்ற பிளம் ஜாம் அடைத்த ஆவி உருண்டை, கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம். முதல் இரண்டிலும் கைசர்ஷ்மார்னிலும் முட்டை உண்டு, கெர்ம்க்னோடல் மாவிலும் பெரும்பாலும் இருக்கும். கைசர்ஷ்மார்னின் உலர்திராட்சை ரம்மில் ஊறியதாக இருக்கலாம். குழந்தைக்கு வாங்குமுன் கேளுங்கள்.

வீட்டிலிருந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் கொண்டுவரலாம். நெய், பால்கோவா, பால் இனிப்பு, இறைச்சி கலந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவராமல் இருப்பது நல்லது. பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருள்களுக்குத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை. பொடியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்வதைப் பரிமாறுகிறவரிடம் சிரித்துச் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காலை பஃபேயிலிருந்து மதியத்துக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போவது மட்டும் கூடாது. வேண்டுமென்றால் கேளுங்கள், சிறு கட்டணத்தில் மதியப் பொட்டலம் தருவார்கள்.

சானா

நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஆஸ்திரியாவில் ஹோட்டல் சானாவுக்குள் (வியர்ப்பதற்காகச் சூடேற்றிய மர அறை) ஆணும் பெண்ணும் சேர்ந்து, உடையில்லாமல் இருப்பார்கள். நீச்சலுடையோடு உள்ளே போனால் வெளியே போகச் சொல்லலாம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பேச்சும் குறைவு, இங்கே இது இயல்பு. நீச்சல் குளத்தில் நீச்சலுடை உண்டு. பெரும்பாலான ஹோட்டல்களில் சிறுவர்களுக்கு உடையில்லாப் பகுதியில் அனுமதி இல்லை. கூச்சமாக இருந்தால் உடையோடு போகும் சானா தனியாக இருக்கிறதா என்று ரிசப்ஷனில் கேளுங்கள், பல இடங்களில் இருக்கிறது.

போவதானால் முதலில் சோப்புப் போட்டுக் குளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டை விரித்து, பாதம் உட்பட உடம்பின் எந்தப் பகுதியும் மரத்தில் படாமல் உட்காருங்கள். ஃபின்லாந்து சானா 80 டிகிரிக்கு மேல் இருக்கும். முதல்முறை கீழ்ப் படியில் எட்டு நிமிடம் போதும். வெளியே வந்து குளிர்ந்த நீர் ஊற்றி, கால் மணி நேரம் படுத்து, தண்ணீர் குடியுங்கள். மது அருந்திவிட்டுப் போகாதீர்கள். களைத்த தொடைகளுக்கு இதமாக இருக்கும்.

ஏதாவது நடந்தால்

ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, ஐரோப்பா முழுக்க 112. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள். விழுந்தவருக்கு மேல்பக்கம், சற்றுத் தள்ளி, இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டால் மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போவார்கள். பாதையோரக் கம்பங்களில் எண் இருக்கும். இடம் சொல்ல அது போதும்.

ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான யூரோ. விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ இன்சூரன்ஸில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருப்பது சகஜம். பாலிசியில் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள்: ஸ்கீ காயம், மலை மீட்புச் செலவு, அடுத்தவருக்கு ஏற்படுத்திய சேதம். ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையை மட்டும் நம்பி வருவதுண்டு. அது மருத்துவமனைக்கு உதவும், சரிவிலிருந்து தூக்கி வருவதற்கு உதவாது. லேசான சுளுக்கு என்றால் ரிசப்ஷனில் சொல்லுங்கள். ஸ்கீ ஊர்களில் எலும்பு மருத்துவர் ஊருக்குள்ளேயே இருப்பார், எக்ஸ்ரேயும் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

பலத்த காற்று அடித்தால் மேல் லிஃப்டுகள் நிற்கும். ஹோட்டலிலோ தொலைக்காட்சியிலோ காலையிலேயே லிஃப்ட் நிலவரம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு பூட்ஸ் மாட்டுங்கள்.

கடைசி இரண்டு நாள்

சனிக்கிழமை சறுக்கப்போவதில்லை என்றால் வாடகை ஸ்கீயை வெள்ளிக்கிழமை மாலையே திருப்பிவிடுங்கள். சனிக்கிழமை காலை அந்தக் கடையில் நிற்கும் வரிசையில் ரயிலைத் தவறவிடலாம். அன்று இரவே ரிசப்ஷனில் இதுவரையான பில்லைக் கேட்டு, பானங்களின் பட்டியலை நிதானமாகச் சரிபாருங்கள். வேறு மேஜைக் கணக்கு கலந்திருந்தால் காலை நெரிசலைவிட அப்போது திருத்துவது எளிது.

டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் ஏழு நாள் ஒரே ஆள் பரிமாறியிருக்கும்போது கொடுக்காமல் வருவது நன்றாக இருக்காது. உறையில் போட்டு வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் அவர் கையிலேயே கொடுங்கள், சனிக்கிழமை அவருக்கு விடுப்பாக இருக்கலாம். அறை சுத்தம் செய்தவருக்குத் தலையணையில் தனியாக வையுங்கள். வெளி உணவகங்களில் பில்லில் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்து, மொத்தத் தொகையை வாயால் சொல்லிக் கொடுப்பதே வழக்கம்.

சனிக்கிழமை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கிளம்புமுன் ஸ்கீ அறைக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள்: உலர்த்தும் குழாயில் கையுறை, அலமாரிக்கு மேல் கண்ணாடி, கொக்கியில் ஹெல்மெட், இந்த மூன்றும்தான் எல்லோரும் விட்டுப் போகிற பொருள்கள். அலமாரிச் சாவிக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.